மெழுகில் வைத்துப் பார்த்த முடிவு

பல்லுக்காரி செய்து கொடுக்கும் பல்செட்டைப் போட்டுக்கொண்டால் வளைந்த ஆணியைக் கடித்தே நிமிர்த்திவிடலாம். சரி, ஆணி கொஞ்சம் அதிகப்படி. வறுத்த கடலையைக் கடிக்கலாம். அதற்கு என் வாயே சாட்சி.

ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்புறம், ஒற்றை ஜன்னல் வைத்த அறையில் அவளுக்கு வேலை. டாக்டர் எடுத்துத் தரும் வாய் அச்சின் மேல் முதலில் மெழுகால் ஈறு செய்து, அதில் பற்களை வரிசையாகப் பதிப்பாள். பிறகு டாக்டரும் அவளுமாக அதை ஆளின் வாயில் வைத்து, பேசச் சொல்லி, சிரிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். எங்கே இடித்தாலும் மெழுகில் திருத்திக்கொள்ளலாம். திருத்தமெல்லாம் முடிந்த பிறகுதான் மெழுகை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பிளாஸ்டிக்கை நிரப்பி வேகவைப்பாள். வெந்தது வெந்ததுதான். எவ்வளவு பெரிய மனிதர் அவசரப்படுத்தினாலும், "மெழுகுல வெச்சுப் பாக்காம வேக வெக்க மாட்டேன்" என்பாள்.

அடுத்தவர் பல்லுக்கு இத்தனை நிதானம். சொந்த வாழ்க்கைக்கோ, கண்ணை மூடி ஒரு ஜெபம், படக்கென்று வேதப் புத்தகத்தைத் திறந்து ஒரு விரல், அவ்வளவுதான். விரல் பட்ட வசனமே கர்த்தரின் பதில். ஒவ்வொரு முறையும் வந்தது ஒரே இடம். தேசத்தையும் இனத்தையும் விட்டுப் புறப்பட்டுப் போ என்று ஆபிராமுக்குச் சொன்னாரே, அந்த இடம். அதை நம்பி நான்கு ஊர் மாறியாயிற்று. வேன் ஓட்டும் கணவர் வாயைத் திறக்காமல் பீரோவைத் தூக்குவார். அவருடைய அக்கா வாயை மூடாமல் பாத்திரம் கட்டுவாள்.

ஐந்தாவது அழைப்பு ஒரு பெரிய நகரத்துப் பல் மருத்துவமனையிலிருந்து வந்தது. தனி அறை, கைக்குக் கீழே ஆட்கள், நினைத்துப் பார்க்காத சம்பளம். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் விரலை வைத்தாள்.

"அண்ணி, பதில் வந்துருச்சு. கிளம்பணும்."

"எங்க, அந்தப் புத்தகத்த இப்படிக் குடு" என்றாள் நாத்தனார். ஜெபம் எதுவும் செய்யாமல் திறந்தாள். அதே பக்கம். மூடித் திறந்தாள். அதே பக்கம். தலைகீழாகப் பிடித்து உதறியதும் தடித்த அட்டை ஒன்று மடியில் விழுந்தது. பல்லுக்காரியின் கல்யாணப் பத்திரிகை.

"போதகர் அன்னைக்குப் பிரசங்கம் பண்ணின எடம்னு நீதானே இத உள்ள சொருகி வெச்ச? புத்தகம் அந்த எடத்துலயே வாயப் பொளந்து பழகிடுச்சு. கர்த்தர் பேசினாரோ என்னவோ, அட்டை நல்லாப் பேசியிருக்கு."

"அப்போ இத்தன வருஷமும்…"

"இத்தன வருஷமும் நான் மூட்டை கட்டினேன்."

பல்லுக்காரி அட்டையை எடுத்து அலமாரியில் வைத்தாள். மறுநாள் காலையிலிருந்து, வேலைக்குக் கிளம்புமுன் உட்கார்ந்து அந்த இடத்திலிருந்து மேற்கொண்டு வாசித்தாள். அதுவரை அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததே இல்லை. போகச் சொன்னதும் ஆபிராம் போனான், சரி. போன இடங்களில் பலிபீடம் கட்டித் தொழுதுகொண்டான். பஞ்சம் வந்ததும் தானாகவே எகிப்துக்கு இறங்கி, பொய் சொல்லி மாட்டிக்கொண்டான். அவன் அண்ணன் மகன் லோத்து கண்ணை ஏறெடுத்துப் பார்த்து, பச்சைப் பசேலென்ற சமவெளியைத் தனக்கென்று எடுத்துக்கொண்டான். பக்கத்தில் இருப்பது எப்படிப்பட்ட ஊர் என்று விசாரிக்கவே இல்லை; அதுவோ பொல்லாதவர்கள் நிறைந்த ஊர்.

அங்கே அவளுடைய விரல் நின்றது.

"அண்ணி, லோத்து மெழுகுல வெச்சுப் பாக்கல."

"நீ பாத்தியா?"

"இனிமே பாக்கறேன்."

எனக்குப் புத்தி கொடும் என்று அன்றைக்கு வேண்டிக்கொண்டாள். புத்தகத்தில் பதில் தேடி விரல் வைக்கவில்லை. சனிக்கிழமை பஸ் ஏறி, அந்த மருத்துவமனையை நேரிலேயே பார்த்தாள். கண்ணாடிச் சுவர், குளுகுளு அறை, பளபளக்கும் மெஷின். பச்சைப் பசேலென்றுதான் இருந்தது. பெரிய டாக்டரிடம் கேட்டாள்.

"மெழுகுல எத்தன தடவ வெச்சுப் பாப்பீங்க டாக்டர்?"

"வெச்சுப் பாக்கறதே கிடையாதும்மா. காலைல அச்சு, சாயங்காலம் பல்லு. அதான் நம்ம விளம்பரமே."

"பொருந்தலைன்னா?"

"பழகிக்குவாங்க. வாய்தானே."

திரும்பும் பஸ்ஸில் தன் ஈறுகளை நாக்கால் தடவிக்கொண்டே வந்தாள். மற்றவர்கள் உங்களுக்கு எதைச் செய்யவேண்டும் என்று விரும்புகிறீர்களோ அதையே அவர்களுக்குச் செய்யுங்கள் என்று இயேசு சொன்னது சிறு வயதிலிருந்தே மனப்பாடம். அந்த நாற்காலியில் பல் இல்லாமல் உட்கார்ந்திருப்பது தானாக இருந்தால்? பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே போன் செய்தாள். "நான் வரலைங்க டாக்டர்." வீட்டுக்குள் நுழைந்ததும் கணவரிடம், "பீரோவ அங்கயே விடுங்க" என்றாள்.

"ரொம்ப நல்லது" என்றார் அவர். இந்த விஷயத்தில் அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

இதோடு முடியவில்லை. மறுவாரமே அந்தப் பெரிய டாக்டர் கப்பல் மாதிரி ஒரு காரில் வந்து இறங்கினார். வாசலில் நின்று கண் கலங்கி, உங்கள் இஷ்டப்படியே மெழுகில் பாருங்கள், வந்தால் போதும் என்று கெஞ்சினார். பல்லுக்காரி அசையவில்லை…

"கார் எங்க பெரியம்மா வந்துச்சு?" என்றாள், எனக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, என் புதுக் கீழ்ப்பல் செட்டின் மெழுகைச் சீவிக்கொண்டிருந்த பல்லுக்காரி. "அவர் சரின்னு போனை வெச்சுட்டார். மறுநாளே வேற ஆளும் கெடச்சாச்சு. அழுதது நான்தான், குளியலறைல கொஞ்ச நேரம். அப்புறம் முகத்தக் கழுவிட்டு வேலைக்கு வந்துட்டேன். போதும், வாயத் தொறங்க. எங்க இடிக்குதுன்னு பாக்கணும்."