பால் மறக்க மூன்று நாள்

என் மகனுக்குப் பால் மறக்கடிப்பதற்காகத்தான் என்னைச் சேலத்தில் நடந்த கலை விழாவுக்கு அனுப்பினார்கள். ஆசிரியப் பயிற்சியில் என்னோடு படித்த தோழிகள் இரண்டு பேர் கூப்பிடுகிறார்கள், பாட்டும் நாட்டியமும் பார்த்துவிட்டு வரப்போகிறேன் என்றுதான் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களிடம் சொன்னேன். பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

அவனுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. சோறு தின்பான், களி தின்பான். ஆனால் தூங்க வேண்டுமென்றால் என் மார்தான் வேண்டும். வேப்பிலையை அரைத்துப் பூசிப் பார்த்தேன். என் முந்தானையாலேயே துடைத்துவிட்டுக் குடித்தான். கற்றாழையைத் தடவினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தான்.

"நீ கண்ணுல பட்டுட்டே இருந்தா அவன் எங்க மறப்பான் கண்ணு? மூணு நாளு எங்கயாச்சும் போயிரு. நாங்க பாத்துக்கறோம்," என்றார் என் மாமியார்.

அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். அது அடுத்த ஊர். பிள்ளை அழுதான் என்று யாராவது சொன்னால் நடந்தே திரும்பி வந்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். அந்தச் சமயத்தில்தான் சேலத்துத் தோழியின் கார்டு வந்தது. கோடை விடுமுறை, ஊரெல்லாம் விழா, நாம் மூவரும் மறுபடி ஒன்றாக இருக்கலாம் என்று எழுதியிருந்தாள்.

அவன் எழுவதற்குள் மோகனூரில் பஸ் ஏறிவிட்டேன். தூங்குகிறவனிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்தது சரியா என்று நாமக்கல் வரும்வரை யோசித்தேன். சொன்னால் விட்டிருப்பானா? ஆனால் தூங்கி எழுந்தால் அம்மா இருக்கமாட்டாள் என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால், இனிமேல் தூங்கவே பயப்படுவானோ? இதைக் கேட்க பஸ்ஸில் யாரும் இல்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

சேலத்தில் லாட்ஜுகளில் இடமே இல்லை. தோழியின் வீடு மாதா கோவிலுக்குப் பின்னால் இருந்தது. அங்கேயும் விழாவுக்கு வந்த உறவுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். அவளுடைய அம்மா தன் அறையை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். இன்னொரு தோழி குமாரபாளையத்தில் விசைத்தறி வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். எனக்கு முன்பே வந்து பாயை விரித்துப் படுத்திருந்தாள். "தறிச் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது புள்ள. நீ கொஞ்சம் லடக்கு லடக்குன்னு கத்து," என்றாள். சிரித்தேன். சிரித்ததும், சிரிக்கலாமா என்று தோன்றியது.

ஒரு பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். நடுவில் கயிறு கட்டி, பெண்களுக்கு ஒரு பக்கம், ஆண்களுக்கு ஒரு பக்கம். முதல் நாள் சாயங்காலம் நாதஸ்வரக் கச்சேரி. வாசிப்பு சூடுபிடிக்கும் நேரத்தில் பின்னால் எங்கோ ஒரு குழந்தை அழுதது. என் ஜாக்கெட் நனைந்துவிட்டது. யாருடைய பிள்ளை என்று உடம்புக்குத் தெரியவில்லை. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு என்ன வாசித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் மார்பு கல்லாகிவிட்டது. கை தூக்க முடியவில்லை, காய்ச்சல் வேறு. துணிக்கடைக்குப் போவதாக இருந்தோம். போகவில்லை. சேலத்துத் தோழியின் அம்மா ஒன்றும் கேட்காமலே புரிந்துகொண்டு, மல்லிகைப்பூ வாங்கிவரச் சொல்லி, மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார். "பூ வாடும்போது பாலும் வத்திரும்மா. நானும் இப்படித்தான்," என்றார்.

"ஊரே தலையில வெச்சுக்கிட்டுத் திரியுது. இவ எங்க வெச்சிருக்கறா பாரு," என்றாள் குமாரபாளையத்துக்காரி.

அன்று சாயங்காலம் நாட்டியம். நான் வீட்டிலேயே படுத்திருந்தால் அழுதுகொண்டிருப்பேன் என்று இழுத்துக்கொண்டு போனார்கள். ஆட்டம் தொடங்கி ஒரு பாட்டு முடிந்ததும் ஒலிபெருக்கியில் ஒரு குரல் வந்தது. மோகனூரிலிருந்து வந்திருக்கும் அம்மாவை அவருடைய வீட்டுக்காரர் வாசலில் எதிர்பார்க்கிறார்.

கிணறு. பாம்பு. வலிப்பு. அவ்வளவும் ஒன்றாகத் தோன்றியது. எழுந்துவிட்டேன். சேலத்துத் தோழி தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். "குழந்தையைக் கூட்டிட்டு வந்திருந்தா? உன்னைப் பார்த்துட்டா ரெண்டு நாள் பட்ட பாடும் போச்சு. நான் போய் என்னன்னு கேட்டுட்டு வர்றேன்."

அவள் திரும்பி வந்தபோது சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"ஒண்ணுமில்லடி. பையன் நல்லா இருக்கான். தோள் மேல உக்காந்து சீரியல் லைட்டைப் பார்த்துட்டு இருக்கான். நேத்து ரொம்ப அழுதானாம். இன்னைக்கு அழவே இல்லையாம். சும்மா வாசலையே பார்த்துட்டு உக்காந்திருந்தானாம். அண்ணனால அதைத்தான் தாங்க முடியல. பம்புசெட்டுக்குச் சாமான் வாங்கறதா உங்க அத்தைகிட்டச் சொல்லிட்டுத் தூக்கிட்டு வந்துட்டார். நீ வந்து எடுத்துக்கறயான்னு கேக்கறார்."

"ஊட்டுக்காரருக்கும் சேத்து மூணு நாள் கெடு வெச்சிருக்கோணும்," என்றாள் மற்றவள்.

நான் சிரிக்கவில்லை. போய் எடுத்துக்கொண்டால் அவன் அழுத அழுகையெல்லாம் வீண். மறுபடி இன்னொரு மாதம் இதே பாடு, இதே அழுகை. எடுக்காவிட்டால், இவ்வளவு தூரம் வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பிய அம்மா நான். இரண்டில் எது தப்பு என்று சொல்ல அத்தை பக்கத்தில் இல்லை. நானே சொல்ல வேண்டியிருந்தது.

"ஆம்பளைங்க பக்கம் கயித்தோரமா உக்காரச் சொல்லு. எனக்கு அவன் தெரியோணும். அவனுக்கு நான் தெரியக் கூடாது," என்றேன்.

ஒரு பருத்த அம்மாளின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்து, சேலையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டேன். சற்று நேரத்தில் என் வீட்டுக்காரர் அவனோடு வந்து கயிற்றோரமாக உட்கார்ந்தார். பிள்ளைக்கு நான் எடுத்து வைத்திருந்த சட்டை இல்லை, பழைய சட்டை. தலை வாரியிருக்கவில்லை. மேடையில் ஆடுகிறவளின் கால்களைப் பார்த்துவிட்டு அவனும் அப்பாவின் மடியில் நின்று கால்களை உதைத்தான். கை தட்டினான். என்னைத் தேடுகிறவன் மாதிரியே இல்லை. அதற்கு நான் சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

பிறகு கண்ணைக் கசக்கினான். அப்பாவின் சட்டைக்குள் கையை விட்டுத் தேடினான். ஒன்றும் இல்லை என்றதும் "அம்மா" என்று அழுதான். ஜதிச் சத்தத்திற்கு நடுவிலும் எனக்குக் கேட்டது. கட்டியிருந்த துணி நனைந்தது. பாதி எழுந்துவிட்டேன். இந்தத் தடவை யாரும் என்னைப் பிடிக்கவில்லை.

"போறதுன்னா போ புள்ள. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றாள் குமாரபாளையத்துக்காரி. அவள் குரலில் கேலி இல்லை.

பின்னால் இருந்தவர்கள் மறைக்கிறது என்றார்கள். உட்கார்ந்தேன். அவர்கள் சொன்னதற்காகவா, நானாகவா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அவர் அவனை நெஞ்சில் சாய்த்துத் தட்டினார். தட்டத் தெரியாமல் வேகமாகத் தட்டினார். அவன் விம்மினான், சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகினான், மெல்ல மெல்ல அந்தக் கை நின்றுபோனது.

அவருக்கு நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரியாது. பெண்கள் பக்கம் முழுவதையும் பார்த்து, கன்னத்தில் கையை வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினார், தூங்கிவிட்டான் என்று. யாரோ இரண்டு பெண்கள் சிரித்தார்கள். அத்தனை தலைகளுக்கு நடுவில் நான் கையைத் தூக்கினேன். அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, விழித்துவிடாமல் குனிந்து குனிந்து வெளியே போனார்.