ஜெபக் கூட்டத்தில் சொன்ன பெயர்

ஜெபத்துக்காகக் கண்ணை மூடியிருந்தபோதுதான் அந்தப் பெயர் காதில் விழுந்தது. ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் எங்கள் சின்னக் கோவில். மாதம் ஒருமுறை வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா வில்வண்டியில் வந்து பெண்கள் கூட்டம் நடத்துவாள். "இந்தச் சகோதரி கர்த்தரைத் தேடுகிறாள், இவளுக்காக ஜெபியுங்கள்" என்று ஊரையும் வீட்டையும் சொல்லி, நான் அக்காள் என்று கூப்பிடுகிறவளின் பெயரையும் சொன்னாள். கண்ணைத் திறந்தேன். எதிரே இன்னொருத்தியும் கண்ணைத் திறந்திருந்தாள். அக்காள் வீட்டு வயலில் நாற்று நடப் போகிறவள். என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினாள். இது நாளைக்கே வயலுக்குப் போய்விடும்.

அந்தப் பெயரைக் கொடுத்தவள் நான்தான். அப்போது நான் சபையில் பைபிள் ஸ்திரீ. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து, அதோடு வேதமும் சொல்ல வேண்டும். மாதக் கடைசியில் மிஸ்ஸியம்மாவிடம் அறிக்கை கொடுக்க வேண்டும். அதில் "கர்த்தரைத் தேடுகிறவர்கள்" என்று ஓர் இடம். இரண்டு மாதம் வெறுமையாக விட்டேன். அவள் திட்டவில்லை. பார்த்துப் பெருமூச்சு விட்டாள். திட்டியிருந்தால் தேவலை. மூன்றாவது மாதம் அக்காளின் பெயரை எழுதினேன். பொய்.

அக்காள் வெள்ளாளர் வீட்டுக்காரி. என் சாதிக்கு அந்த வீட்டில் மாட்டுத்தொழுவம் வரைதான் அனுமதி. அங்கே எனக்குப் பாய் போட்டுவிட்டு அவள் வெறுந்தரையில் எதிரே உட்காருவாள். முதல் நாள் அம்மா என்று கூப்பிட்டேன். "அம்மாங்காதட்டி, நாலு வயசுதான் மூப்பு. என்னைக் கெழவியாக்கப் பாக்கியா?" என்றாள். அன்றிலிருந்து அக்காள்.

அவளுடைய ஒரே மகளைத் திருவனந்தபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கடிதம் வரும். புருஷன் மனதுக்குள் வாசித்துவிட்டு, "சுகமாம்" என்று சொல்லிப் பெட்டியில் போட்டுப் பூட்டுவார். "மூணு பக்கமும் சுகம் சுகம்னா எழுதியிருப்பா?" என்று அக்காள் என்னிடம் கேட்டாள். அதைத் தானே வாசித்துப் பார்க்கத்தான் அவள் படித்தாள். நான் வேதக்கதை எடுத்தால், "உன் சாமி எங்கயும் போவமாட்டாரு. முதல்ல இந்த எழுத்தைச் சொல்லு" என்பாள். ஒரே ஒரு நாள் மட்டும், "ஆணி அடிச்சப்போ அம்மைக்காரி பக்கத்துலயா நின்னா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவ்வளவுதான். அதைத்தான் நான் அறிக்கையில் தேடுதல் ஆக்கினேன்.

மறுநாள் விடிந்ததும் நடவுக்காரியைத் தடுக்க ஓடினேன். அதற்குள் சேற்றில் இறங்கியிருந்தாள். "எல்லாருட்டயும் சொல்லியாச்சு தங்கச்சி. சந்தோசமாட்டு இருக்கு!" என்று வரப்பைப் பார்த்துக் கத்தினாள். அவளை அறையலாம் போல இருந்தது. ஆனால் எழுதிய கை என்னுடையது. செவ்வாய்க்கிழமைதான் நான் அங்கே போகும் நாள். அதுவரை சோறு இறங்கவில்லை. அடித்திருப்பார்களா, அடைத்து வைத்திருப்பார்களா என்று நினைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. எழுத்துக்கூட்டத் தொடங்கிய நேரத்தில் கெடுத்துவிட்டேனே என்று என்னையே ஏசினேன்.

செவ்வாய்க்கிழமை தொழுவத்தில் பாய் இல்லை. அக்காள் பின்வாசலில் நின்றாள்.

"எம்பேரை எங்க வச்சுட்டி சொன்னே?"

மறைக்காமல் சொன்னேன். காலில் விழப் போனேன்.

"எந்திரிட்டி. நாடகம் போடாதே. உன் சாமிகிட்ட சொல்லியிருந்தா எனக்கொண்ணும் இல்ல. ஊருகிட்டல்லா சொல்லிட்டே. புத்தகத்தை எங்க வீட்டுக்காரரு அடுப்புல போட்டாச்சு. இனி இந்த வாசலுக்கு வராதே."

திரும்பினேன். பின்னாலிருந்து குரல் வந்தது. "அறுப்பு சமயம் களத்துக்கு நாலு பேரு வருவா, போவா." அந்த நாலு பேரில் நானும் வரலாம் என்கிறாள்.

நேரே மிஸ்ஸியம்மாவிடம் போய், அது பொய், அந்தப் பெயரை அறிக்கையிலிருந்து அடித்துவிடுங்கள் என்றேன். பேனாவை எடுத்துப் பெயரின் மேல் கோடு போட்டாள். அறுப்புக்கு மூன்று மாதம் இருந்தது. தபால்காரனைத் தெருவில் கண்டாலே நின்று பார்ப்பேன். அவன் பையில் இருப்பது அந்த வீட்டுக்கானதோ, அதிலும் சுகம்தானோ?

அறுப்பு வந்ததும் போனேன். களத்தில் நெல் காயும் இடத்தில், நெல்லை விரலால் விலக்கி எழுத்துப் போட்டுக் காட்டினேன். வேதம் பேசவில்லை. வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. ஐந்தாம் நாள் அக்காள் மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். பெட்டிச் சாவியை எப்படி எடுத்தாள் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். "அம்மா... என்னை... வந்து... கூட்டிக்கொண்டு... போங்கள்." இன்னொரு முறை வாசித்தாள். மடித்து வைத்தாள். மறுநாள் புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வண்டி கட்டச் சொல்லிக் கிளம்பிவிட்டாள்.

மகள் எலும்பும் தோலுமாக, ஓயாத காய்ச்சலோடு வந்து சேர்ந்தாள். அவள் வந்த எட்டாம் நாள் அக்காளே ஆள் விட்டு என்னைத் தொழுவத்துக்கு வரச் சொன்னாள்.

"உன் சாமிகிட்ட எம்மவளுக்காட்டு சொல்லுட்டி. பேரு சொல்லாண்டாம். அவருக்கு ஆளைத் தெரியும்லா?"

சொன்னேன். சத்தமில்லாமல். அவளும் பக்கத்தில் கண்ணை மூடி நின்றாள். காய்ச்சல் தணியப் பல நாள் ஆனது. நான் தினமும் போனேன். யாரும் தடுக்கவில்லை. அக்காள் விசுவாசித்தாளா? தெரியாது. நான் கேட்கவில்லை. அந்த மாதமும் அறிக்கையில் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டேன்.

இப்போதும் சபையில் எத்தனை பேரைக் கொண்டுவந்தாய் என்று கேட்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. இத்தனை பக்கம் எழுதியும், அவள் பெயரை இதிலும் நான் எழுதவில்லை.