மூச்சோடு கடைக்குப் போனவர்கள்

முகத்தைப் பார்ப்பதற்குப் பல வருடம் முன்பே குரல் பழக்கம். கிராமத்திலிருந்து கல்லூரியில் சேர வந்த முதல் நாள், எந்தப் பேருந்தில் ஏறுவது என்று தெரியாமல் நிலையத்தில் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்த ஒருவனுக்கு ஒலிபெருக்கியில் வழி சொன்ன குரல் அது. அவன்தான் இதை எழுதுகிறான். அவன் குடும்பத்தில் முதல் பட்டதாரி. வேலை கிடைத்து அவன் வாடகைக்குப் பிடித்த மாடி அறை, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரின் வீட்டில் அமைந்தது. நிலையத்தில் எல்லோருக்கும் அவர் மைக்கக்கா.

கீழ்வீட்டில் மூன்று பேர். அக்கா, அவருடைய கணவர், கணவரின் அக்கா. கணவர் கல் அறுக்கும் பட்டறையில் இருபது வருடம் தூசியைத் தின்றவர். நுரையீரல் கல்லாகிப்போய், காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் மிஷினோடு கட்டிலில் கிடந்தார். மூக்கில் குழாய். மிஷினுக்குத் தேவை தடையில்லாத கரண்ட். அதுதான் அந்தத் தெருவில் கோடைக்குக் கோடை காணாமல் போகிற பொருள்.

டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். "கரண்டுக்கு உத்தரவாதம் இல்லேன்னா வீட்ல வெச்சுக்காதீங்க. வார்டுல சேர்த்துடுங்க."

கணவர் தலையை ஆட்டினார். "வார்டுக்குப் போனா நான் நம்பராயிடுவேன். எனக்கு இந்தச் சுவரைப் பாத்துக்கிட்டே கிடக்கணும்."

சுவரில் பார்க்க ஒன்றும் இல்லை. ஆனாலும் அது அவர் பூசிய சுவர்.

கூரையில் சோலார் போடலாம் என்று அக்கா முடிவெடுத்தார். இன்வெர்ட்டர் வாங்கக் கடைக்குப் போனவர், தமக்குத் தெரிந்த வழியில் தேர்ந்தெடுத்தார். நாளெல்லாம் இரைச்சலுக்கு நடுவில் பேசிச் சம்பாதிப்பவர். எதையும் காதால்தான் எடைபோடுவார். மிக்ஸி வாங்கினாலும் ஓடவிட்டுக் கேட்டுத்தான் வாங்குவார். வீட்டிலிருந்த பழைய இன்வெர்ட்டரின் முனகல் கணவரைத் தூங்கவிடாமல் பாடாய்ப் படுத்தியிருந்தது. கடையில் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தவற்றின் மேல் ஒவ்வொன்றாகக் காதை வைத்தார். ஒன்று மட்டும் மூச்சே விடவில்லை.

"வெயில் இருக்கிற வரைக்கும் ஓடுமா தம்பி?"

"தாராளமா ஓடும்மா. கரண்ட் பில்லும் பாதியாயிடும்."

யாரும் பொய் சொல்லவில்லை. மிஷினைப் பற்றி அக்கா சொல்லவில்லை. எதற்கு என்று கடைக்காரரும் கேட்கவில்லை. சுவரில் மாட்டியபின் வீடு அமைதியானது. பழையதை எடைக்குப் போட்டார்கள். ராத்திரி மின்வெட்டு அபூர்வம். வந்தால் ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கிறது என்று தைரியம்.

கோடை உச்சத்தில் ஒரு மத்தியானம், அக்காவின் கையில் இருந்த மைக் பாதி அறிவிப்பில் செத்தது. நிலையமும் அவர் வீடும் ஒரே லைனில்தான் இருந்தன. அக்கா கலங்கவில்லை. ஜன்னலைத் திறந்து வாயாலேயே கத்த ஆரம்பித்தார்.

"உங்களுக்கு எதுக்கும்மா மைக்கு?" என்றார் நேரக்காப்பாளர்.

"ஏன் சார் வயித்தெரிச்சல்? எங்க வீட்ல இப்பவும் ஃபேன் சுத்தும். கூரை மேல வெயில் கொட்டுதுல்ல!"

சொல்லி வாய் மூடவில்லை, கைபேசி அடித்தது. நாத்தனார்.

"ஏம்மா, மிஷின் கீகீன்னு கத்திட்டு நின்னுபோச்சு. உன் பெட்டியும் கண்ணை மூடிக்கிச்சு. நான் சிலிண்டரைத் திறந்து குழாயை மாத்திட்டேன். நீ கிளம்பி வா."

"அண்ணி, வெயில்தான் இருக்கே…"

"வெயில் கெடக்கு. அவன் உதடு நீலமா இருக்கு. வா."

எப்படி வந்து சேர்ந்தார் என்று அக்காவுக்கு இன்றும் சொல்லத் தெரியாது. நாத்தனார் தம்பியின் முதுகைத் தாங்கி உட்காரவைத்திருந்தார். உயிர் தங்கிவிட்டது. கூரையில் சோலார் பலகைகள் கண் கூசும்படி மின்னிக்கொண்டிருந்தன.

சாயங்காலம் வந்த வயர்மேன் விஷயத்தை உடைத்தார். "இந்த வகை, தெரு லைனைப் பிடிச்சுக்கிட்டு ஓடறது அக்கா. லைன் போனா தானா நின்னுடும். இல்லேன்னா இங்கேருந்து கரண்ட் கம்பத்துக்கு ஏறி, மேல வேலை செய்யறவன் போய்ச் சேந்துடுவான். பில்லுக்கு நல்லது. உங்களுக்கு வேண்டியது பேட்டரியோட தனியா நிக்கிறது."

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா மெதுவாகச் சொன்னார். "வார்டுக்கே போயிடலாங்க. என்னால இனிமே எதையும் நம்பி வாங்க முடியாது."

கணவர் வெகுநேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "நீ காதை வெச்ச. இப்ப நான் மூக்கை வெக்கிறேன். என்னையும் கடைக்குக் கூட்டிட்டுப் போ."

மறுநாள் ஒரு வேன் பிடித்தார்கள். வழிக்குச் சின்ன சிலிண்டர். வேறு கடை. மூக்கில் குழாயோடு ஒரு மனிதர் நாற்காலியில் இருத்தப்படுவதையும், அவர் பின்னால் மிஷின் இறங்குவதையும் பார்த்த கடை முதலாளிக்கு முகம் வெளிறியது.

"என்னம்மா இது?"

"ஒண்ணொண்ணா இதுல மாட்டுங்க சார். மிஷின் ஓடட்டும். அப்புறம் உங்க மெயினை நிறுத்துங்க."

"எங்கடையில எதாவது ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா உடனே தெரிஞ்சுடும் சார்," என்றார் கணவர். "வீட்டுக்குக் கொண்டுபோய்த் தெரிஞ்சுக்கிட்டா உங்களுக்கு எப்படிச் சொல்றது?"

முதலாளிக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று புரியவில்லை. நாத்தனார் சிலிண்டர் வால்வில் கை வைத்தபடி பக்கத்தில் காவல் நின்றார்.

முதல் பெட்டியில் மெயினை நிறுத்தியதும் மிஷின் துவண்டு, கத்தி, பிறகு எழுந்தது. கணவர் கையை அசைத்தார், வேண்டாமென்று. இரண்டாவதில் மிஷின் நிற்கவில்லை. ஆனால் அதன் மோட்டார் நெஞ்சில் சளி கட்டியதுபோல உறுமியது, தொட்டால் சுட்டது. மூன்றாவது பெட்டி, தன் உள்ளிருந்த ஃபேனின் சத்தத்தில் கடையே அதிர ஓடியது. மெயின் விழுந்தது, விளக்குகள் அணைந்தன. மிஷின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. கணவர் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். வெகுநேரம் அப்படியே ஓடவிட்டார்கள்.

"இது குறட்டை விடுதேங்க," என்றார் அக்கா.

"நான் விடாத குறட்டையா? இதையே எடு."

அது கட்டிலுக்கு அடுத்த அறையில் மாட்டப்பட்டது. அந்தக் கோடையில் கரண்ட் நினைத்தபோதெல்லாம் போனது. முதல் சில தடவை அக்கா நிலையத்திலிருந்து அடித்துப்பிடித்து ஓடி வந்தார். பிறகு கைபேசியில் கேட்டார். பிறகு கேட்பதையும் விட்டார். கணவர் தம் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

மழைக்காலத்தில் ஒரு காலை, நாத்தனார் முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கையில் கணவரின் மூச்சு அடங்கியது. கரண்டால் அல்ல; நுரையீரலில் இடம் மிச்சமில்லை. அந்நேரம் தெருவில் கரண்ட் இருந்ததா, இல்லையா என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மிஷின் ஓடிக்கொண்டேயிருந்தது. அக்காதான் எழுந்துபோய் நிறுத்தினார்.

மிஷினை இரண்டு தெரு தள்ளி இன்னொரு கல் பட்டறைக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்வெர்ட்டர் அங்கேயே மாட்டியிருக்கிறது. இப்போது விளக்குக்கும் ஃபேனுக்கும் மட்டும். அக்காவும் நாத்தனாரும் அதே வீட்டில் இருக்கிறார்கள். அக்கா நிலையத்தில் காலை முறை வேலை பார்க்கிறார்.