இருநூற்றுப் பதினான்கு வசவுகளுக்கு இடைக்காலத் தடை

வழக்கின் விவரங்களை வெளியே பேசக்கூடாது என்று சமரச ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அதில் நானும் என் கூட்டாளியும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அம்மா போடவில்லை. அவளிடம் வேறொரு காகிதத்தில்தான் கையெழுத்து வாங்கினார்கள். ஆகவே அம்மா கம்பம் முழுக்கச் சொல்லி முடித்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன். எதுவும் விட்டுப்போனதாகத் தெரியவில்லை.

நானும் கூட்டாளியும் உத்தமபாளையத்தில் ஓர் உரக்கடையின் மாடியில் வீடியோ கேம் செய்கிறவர்கள். வண்டி, மலை, மரம் எல்லாம் அவன் வரைவான். அவற்றை நான் ஓட வைப்பேன். சொந்தக்காரர்களிடம் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி வைத்திருந்ததால் ஆதாரில் பெயர் திருத்த மாடியேறி வருவார்கள். மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகு இ-சேவை மையத்துக்கு வழி சொல்லி அனுப்புவோம்.

எங்கள் கேமில் விளையாடுகிறவர்தான் ஜீப் டிரைவர். கம்பத்திலிருந்து பதினான்கு பெண்களை ஏற்றிக்கொண்டு, கம்பமெட்டு வழியாக மலையேறி, ஏலத்தோட்டத்தில் நேரத்துக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளத்தில் விழும்போதும் பின்னாலிருந்து ஒரு பெண் திட்டுவாள். திட்டு அதிகமானால் மறுநாள் எல்லாரும் வேறு ஜீப்பில் ஏறிக்கொள்வார்கள். ஆட்டம் முடிந்தது.

அந்தப் பெண் என் அம்மா. இருபத்திரண்டு வருடம் அந்த ஜீப்பில் ஏலக்காய் பறிக்கப் போனவள். வரைபடம் போட ஆரம்பித்தபோது, ரோடு பார்க்க எப்படி இருக்கும் என்று அவளிடம்தான் கேட்டேன்.

"எனக்கென்னலே தெரியும்? பின்னாடி தார்ப்பாயைக் கட்டிவிட்ருவாக. எதுத்தாப்புல இருக்கவ தூக்குச்சட்டியத்தான் பாத்துக்கிட்டுப் போவோம்."

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பள்ளங்களை வரிசையாகச் சொன்னாள். மலை ஏறத் தொடங்கியதும் முதல் வளைவில் ஆளை இரண்டு தூக்கு தூக்கும். அப்புறம் இடது இடுப்பில் ஓர் அடி. செக்போஸ்டுக்கு முன்னால் நடுமுதுகு. நோட்டில் எழுதி, அதே வரிசையில் பள்ளம் தோண்டினேன். மலையையும் கீழே தெரியும் பள்ளத்தாக்கையும் நாங்கள் பைக்கில் போய் போட்டோ எடுத்து வந்தோம்.

குரல் பதிவு எங்கள் வீட்டு உள்ளறையில் நடந்தது. ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, அம்மாவின் தலைக்கு மேல் கம்பளியைப் போர்த்தி, கையில் மைக்கைக் கொடுத்தோம். பத்துத் திட்டு போதும் என்று சொல்லியிருந்தேன்.

"எங்களை என்ன ஏலக்கா மூடைன்னு நெனச்சியா?" என்று தொடங்கினாள். "எறங்கி வந்து எங்க இடுப்பெலும்பு எங்கன கெடக்குன்னு தேடு." "ஸ்டேரிங்கப் புடிச்சிருக்கியா, சீப்புப் புடிச்சுத் தலை சீவுறியா?" நிறுத்தவே இல்லை. மூன்று நாளில் இருநூற்றுப் பதினான்கு ஆயிற்று. வியர்வை வழியக் கம்பளியிலிருந்து வெளியே வந்தவள், போன வருடம் ரிட்டயர் ஆன டிரைவரை இன்னும் தொடவே இல்லை என்று வருத்தப்பட்டாள்.

பெங்களூரில் ஒரு கம்பெனி கேமை வெளியிட ஒப்புக்கொண்டது. முப்பத்தெட்டுப் பக்க ஒப்பந்தம். முதல் நான்கு பக்கமும் கடைசிப் பக்கமும் படித்தேன். வெளியீட்டுக்கு ஒரு மாதம் இருக்கும்வரை சம்பந்திகளைப் போலத்தான் பழகினோம். பிறகு அவர்கள் யாரையோ உட்கார வைத்து விளையாடச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒரு கடிதம் அனுப்பினார்கள். ரோடு ரொம்ப மோசமாம். பள்ளத்தை மூடி, ஜீப் கொஞ்சம் பறக்கிற மாதிரி செய்ய வேண்டுமாம்.

அந்த ரோட்டைப் பள்ளம் பள்ளமாகக் கட்ட எங்களுக்கு எட்டு மாதம் பிடித்திருந்தது. முடியாது என்றோம். அப்படியானால் ஒப்பந்தப்படி வேறு ஆளை வைத்துத் திருத்திக்கொள்வோம் என்றார்கள். ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டு நாங்களே வெளியிடுகிறோம் என்றோம். அவர்கள் பெங்களூர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு முடியும்வரை இரண்டு தரப்புமே வெளியிடக்கூடாது என்று இடைக்காலத் தடை வந்தது. வெளியீட்டுக்கு முதல் நாள், ஆன்லைன் கடையில் எங்கள் கேமின் பக்கம் மாயமாய்ப் போயிற்று.

இதற்குள் அம்மா தன் பழைய ஜீப்புக்காரிகள் பதிமூன்று பேரையும் வெளியீட்டு நாளான வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு அழைத்திருந்தாள். தன் குரல் டிவியில் வரப்போகிறது என்று சொல்லி வைத்திருந்தாள். எல்லாரும் தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். கேம் வராது, கேஸ் ஆகிவிட்டது என்று நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று.

"கேஸா? எந்த எடத்துக்கு?" என்று கேட்டாள் வந்திருந்தவர்களில் ஓர் அத்தை.

அம்மா யாரையும் திட்டவில்லை. மிக்சரைத் தட்டுத் தட்டாக வைத்து எல்லாருக்கும் கொடுத்தாள். திட்டாத அம்மாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கேம் போனால் போகட்டும், இன்னொன்று செய்துகொள்ளலாம். ஆனால் பதிமூன்று பேர் முன்னால் அவளைப் பொய்க்காரியாக்கிவிட்டேனே என்றிருந்தது.

எங்கள் வக்கீல் உத்தமபாளையத்துக்காரர். வாய்க்கால், வரப்பு, பாதைத் தகராறு என்றால் புலி.

"சொத்து எங்கன இருக்கு தம்பி?"

"லேப்டாப்புல சார்."

"யாரு அனுபவத்துல இருக்கு?"

"எங்ககிட்டதான் இருக்கு."

"அப்ப அனுபவம் நம்மது. என்ன ஆனாலும் விட்றாதீக. நாலெல்லை சொல்லுங்க."

கூட்டாளி யோசித்துப் பார்த்துப் பொறுப்பாகச் சொன்னான். "கிழக்க கம்பம், மேக்க ஏலத்தோட்டம். தெக்கயும் வடக்கயும் கண்ணுக்குத் தெரியாத செவுரு சார். வண்டி அதைத் தாண்டாது."

"செவுத்த யாரு கட்டுனது?"

"நாந்தான் சார்."

"அப்படி வாங்க. அதை மொதல்ல எழுதிக்குங்க."

எதிர்த்தரப்பு மனுவின் இணைப்பில், பெண் பயணியின் குரல், ஒன்று முதல் இருநூற்றுப் பதினான்கு வரை, என்று ஒரு வரி இருந்தது. அம்மாவிடம் அதைச் சொன்னேன்.

"அப்ப நான் திட்டுறதுக்குமா தடை போட்ருக்காக?"

வேடிக்கைக்காக ஆமாம் என்றேன். மறுநாள் காலை பால்காரரை நடுத்தெருவில் நிறுத்தி முப்பத்தேழாவது திட்டைத் திட்டினாள். தண்ணீர் கலந்ததற்காகத்தான், ஆனால் தெருமுனைவரை கேட்கும்படி. பிறகு என்னைப் பார்த்து, "வந்து புடிக்கச் சொல்லு" என்றாள்.

ஏழெட்டு மாதம் வாய்தாவில் போயிற்று. கடைசியில் நீதிமன்றம் எங்களைச் சமரச மையத்துக்கு அனுப்பியது. அம்மாவும் பெங்களூர் பார்த்ததில்லை என்று, எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு கூடவே பஸ் ஏறிவிட்டாள். அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் உள்ளே போனோம். மத்தியஸ்தர் தமிழ் நன்றாகப் பேசுகிற வயதான வக்கீல். இரண்டு மணி நேரம் ஒரே பேச்சு. பள்ளம் இருந்தால் யாரும் விளையாட மாட்டார்கள் என்றார்கள் அவர்கள். பள்ளம்தான் கேமே என்றோம் நாங்கள்.

நடுவில் கம்பெனியின் இளம் வக்கீலம்மா இணைப்பைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். குரல் கொடுத்தவரின் சம்மதக் கடிதம் எங்கே என்று எங்களைக் கேட்டார். அவர்களிடம் இருக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். நாங்கள் வாங்கியிருப்போம் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

"யார் அந்தக் கலைஞர்?" என்றார் மத்தியஸ்தர்.

"எங்கம்மா சார்."

"எழுதி வாங்கலையா?"

"பெத்த தாய்கிட்ட எப்படி சார் எழுதி வாங்குறது?"

எங்கள் வக்கீல் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கூடப் பிறந்தவனாக இருந்தாலும் எழுதி வாங்கு என்று வருகிற கட்சிக்காரர்களிடமெல்லாம் சொல்கிறவர் அவர். அந்தக் கையெழுத்து இல்லாமல் இரண்டு தரப்பில் யார் ஜெயித்தாலும் கேமை வெளியிட முடியாது என்று மத்தியஸ்தர் விளக்கினார். பிறகு, அந்த அம்மாவை எங்கே போய்ப் பார்ப்பது என்று கேட்டார். வெளியே பெஞ்சில் இருக்கிறார்கள் என்றேன்.

அம்மா சாதப் பொட்டலத்தோடு உள்ளே வந்தாள். மத்தியஸ்தர் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"அப்ப அந்த இருநூத்திப் பதினாலும் என்னுதுதானா?"

"உங்களுதுதாம்மா."

அம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். எதிரே வக்கீலம்மாவோடு உட்கார்ந்திருந்த கம்பெனிக்காரர் ஒரு தொகை சொல்ல வாயெடுத்தார். அவள் கையமர்த்தினாள்.

"அது கெடக்கட்டும். ரோட்டச் சரி பண்ணச் சொன்னீகளாமே?"

"ஆமாம்மா. விளையாடுறவங்களுக்குச் சிரமமா இருக்கு."

"ரோடு நல்லாருந்தா நான் எதுக்குங்க திட்டணும்? காரணம் இல்லாமத் திட்டுற பொம்பளைன்னு ஊருல பேசமாட்டாகளா?"

கம்பெனிக்காரர் தன் வக்கீலம்மாவைப் பார்த்தார். அவர் இணைப்பைப் பார்த்தார். பிறகு அதை மூடி வைத்தார். ரோடு இருக்கிறபடியே இருக்கும் என்று மத்தியஸ்தர் எழுதிக்கொண்டார். கூட்டாளி மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினான். அப்போது அம்மா எங்கள் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கும் ஒண்ணு இருக்கு. எனக்கு முன்சீட்டு வேணும்."

"என்னம்மா?"

"இருவத்திரெண்டு வருசம் பின்னாடிதான் போனேன். முன்சீட்டு கங்காணிக்கு. போகட்டும், அது அவுக வண்டி. இது எம் மகன் செஞ்ச வண்டி. இதுலயும் என்னைய ஏன்லே பின்னாடி தூக்கிப் போட்ட?"

தோட்டத்தில் வேலை வாங்குகிற கங்காணியைக் கேமிலும் முன்சீட்டில் நான்தான் உட்கார வைத்திருந்தேன். தோளில் துண்டுகூடப் போட்டிருந்தேன். எட்டு மாதத்தில் ஒருநாளும் அது எனக்கு உறைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்க, சீட்டு மாற்றினால் குரல் வருகிற திசை, கேமரா எல்லாம் மாற்ற வேண்டும், இரண்டு மாதம் ஆகும் என்று இழுத்தேன். இத்தனை நேரம் நாங்கள் கம்பெனிக்காரரைப் பார்த்த பார்வையோடு இப்போது அவர் எங்களைப் பார்த்தார். அம்மா முன்சீட்டுக்கு, கங்காணி பின்னால், என்று மத்தியஸ்தர் எழுதினார். அதற்குப் பிறகுதான் அம்மா எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

கேம் வெளிவந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பதிமூன்று பேரும் மறுபடி பூ வைத்துக்கொண்டு வந்தார்கள். மறுபடி மிக்சர். லேப்டாப்பை டிவியில் இணைத்து அம்மாவிடம் கொடுத்தேன். "நீ ஓட்டு. நான் உக்காந்து வர்றேன்" என்று என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவளுக்காகவே முன்சீட்டிலிருந்து பார்ப்பது போலக் கேமராவை வைத்திருந்தேன்.

கம்பம் தாண்டி மலை ஏற ஆரம்பித்தோம். முதல் வளைவில் இரண்டு தூக்கு. எங்களை என்ன ஏலக்கா மூடைன்னு நெனச்சியா என்றது டிவி. எல்லாரும் கைகொட்டிச் சிரித்தார்கள். பின்னால் கங்காணியின் தலை தார்ப்பாய்க் கம்பியில் இடிப்பது டிரைவர் கண்ணாடியில் தெரிந்தபோது இன்னும் சிரித்தார்கள். இடது இடுப்புப் பள்ளத்தையும் விடாமல் இறக்கினேன். அடுத்த வளைவில் மரங்கள் விலகி, கீழே தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும் வயலுமாகப் பள்ளத்தாக்கு முழுசாகத் தெரிந்தது. அந்த இடத்தில் டிவி மறுபடி திட்ட ஆரம்பித்தது.

"செத்த சும்மா இருடி" என்று அம்மா தன் குரலிடமே சொன்னாள். "பாக்க விடு."

மிக்சர் மெல்லுகிற சத்தமும் நின்றுவிட்டது. நான் ஜீப்பை ஓரமாக நிறுத்தினேன். தோட்டத்துக்கு நேரமாகிறது என்று திரையின் மூலையில் சிவப்பு எழுத்து மின்னிக்கொண்டே இருந்தது. பதினான்கு பேரில் ஒருத்திகூட அதைப் பார்க்கவில்லை.