நடுவில் ஒரு ‘ய’

வீரமுத்து தன் வாழ்க்கையில் சொந்தமாக எடுத்த தீர்மானங்கள் இரண்டு. ஒரு புளியமரத்தை வெட்டியது ஒன்று. ஒரு பெயரின் நடுவில் ‘ய’ சேர்த்தது மற்றொன்று. மற்றதையெல்லாம் அப்பா ராஜாங்கம் தீர்மானிப்பார், இல்லாவிட்டால் மனைவி ஆண்டாள் தீர்மானிப்பாள். இருவருக்கும் ஒத்துப்போகாத நாளில் அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போய்விடுவான். மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குப் போகும் கரும்பில் அவனுடையதுதான் நல்ல பருமன் என்று பேர். காரணம் எருவல்ல, வீட்டுச் சண்டைதான் என்று ஊரில் சொல்வார்கள்.

மரம் வெட்டியது எண்பத்தேழு செப்டம்பரில். இருபது சதவிகித ஒதுக்கீடு கேட்டுச் சாதிச் சங்கம் ஒரு வாரம் சாலை மறியல் அறிவித்திருந்தது. அதுவரை ஊருக்கு அது ரோடுதான். சங்கத்து நோட்டீஸ் வந்த பிறகே அது சாலை ஆனது. கிளைத் தலைவர் ராஜாங்கம். ஊரிலேயே நல்ல ரம்பம் வீரமுத்துவிடம் இருந்தது. ஊருக்கு வெளியே, மூன்று பேர் கை கோத்தாலும் பிடிபடாத புளியமரம் ஒன்று, வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ரோட்டுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது. அதை அரை நாளில் குறுக்கே சாய்த்துவிட்டு, வேர்வையைத் துடைத்தபடி அவன் சொன்னான்:

“இத நவுத்தணும்னா மில்லுல இருந்து கிரேன் வரணும்.”

எல்லோரும் கைதட்டினார்கள். அவனுக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது.

மறுநாள் காலையில் காலனிப் பெண்கள் சிலர் மிலாறு பொறுக்க வந்தார்கள். விழுந்த மரம் யாருக்கு விழுந்தால் என்ன, விறகு விறகுதானே. ராஜாங்கம் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். “நாங்க போராட்டம் நடத்திக்கினு கீறோம், நீ வெறகு பொறுக்க வந்துட்டியா? ஏ இவளே, ஒன்னத்தான், போ அந்தாண்ட!” முன்னால் நின்ற பெண் கையிலிருந்த சுள்ளிகளைப் போட்டுவிட்டு மற்றவர்களோடு திரும்பிப் போனாள். பத்து வருஷமாக ராஜாங்கத்தின் கழனியில் களை எடுப்பவள் அவள்.

நாலாம் நாள் ஆண்டாளுக்கு வலி எடுத்தது. முதல் இரண்டு பையன்களும் வீட்டிலேயே சுளுவாகப் பிறந்தவர்கள். இந்தத் தடவை ஊர் மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை விரித்தாள். “காலு கீழ கீது. என்னால ஆவாது. கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுகினு போ.”

மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி ஆண்டாளைப் படுக்க வைத்து வீரமுத்து ஓட்டினான். குறுக்கே கிடந்த மரத்தருகே வண்டி நின்றது. காவலிருந்த இளவட்டங்கள் பதறிப்போய் எழுந்தார்கள். “அண்ணே, நீ போண்ணே, ஒன்ன யாரு தடுக்கறது!” என்றார்கள். சங்கம் விட்டது. மரம் விடவில்லை. பன்னிரண்டு பேர் தோள் கொடுத்தும் ஒரு விரற்கடை அசையவில்லை. இரண்டு பக்கமும் கழனி. முந்தின நாள் வீரமுத்துவே தண்ணீர் கட்டிய சேறு. வண்டி இறங்கினால் அச்சு முறியும். தன் வேலை இவ்வளவு நேர்த்தியாக இருந்திருக்க வேண்டாம் என்று அவன் முதன்முதலாக நினைத்தான்.

ஆண்டாள் போட்ட சத்தம் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கும் கேட்டது. கிளைகளை விலக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள். முந்தாநாள் சுள்ளியைப் போட்டுவிட்டுப் போனவள்தான். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வண்டியில் ஏறிப் பார்த்தாள். “ஆம்பளைங்கல்லாம் அப்பால போங்க. சுடுதண்ணி, ஒரு புது பிளேடு, சுருக்கா!” என்றாள். இரண்டு நாள் முன்பு விரட்டியவர்கள் ஓடிப்போய்க் கொண்டுவந்தார்கள். ராஜாங்கம் மரத்தின் மறுபுறம் போய் முதுகைக் காட்டி நின்றார்.

ஒரு மணி நேரம் கழித்துக் குழந்தை அழுதது. பெண்.

இங்கே ஒரு நியாயம் கவனிக்கத் தக்கது. அவள் தொட்டதைப் பற்றி ஊரில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிரசவமே தீட்டு, அதில் யார் கை பட்டால் என்ன. அவள் சொம்பிலிருந்து ஆண்டாள் தண்ணீர் குடித்ததையும் மயக்கத்தில் குடித்தாள் என்று மன்னித்துவிட்டார்கள். கைக்கு ஒரு சட்டம் இருந்தது, தண்ணீருக்கு ஒரு சட்டம் இருந்தது. பெயருக்கு என்ன சட்டம் என்று அதுவரை யாரும் யோசித்திருக்கவில்லை.

ராஜாங்கம் வெகு சீக்கிரம் பெயரோடு வந்தார்: மறியல்செல்வி. தாலுகா சங்கத்துக்காரர் அதைக் கேட்டு மெய்சிலிர்த்து, முப்பதாம் நாள் பெயர் வைக்கத் தானே வருவதாகச் சொல்லிவிட்டார்.

“மறியல்செல்வியா?” ஆண்டாள் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். “நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவன் பேரு இன்னான்னு கேட்டா, ‘மறியலு’ன்னா சொல்லுவ? வந்த பஸ்ஸுலயே திரும்பிப் பூடுவான்.”

“பின்ன இன்னா பேரு வைக்கலான்ற?” என்றான் வீரமுத்து.

“சாலம்மா.”

அவனுக்கு விளங்கவில்லை. “அது யாரு, ஒங்க அம்மா வூட்டு சாமியா?”

“கையாலயே புள்ளையத் திருப்பி எடுத்தாங்களே, அவங்க பேரு.”

வீரமுத்து வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டான். “மெதுவாப் பேசு. நைனா காதுல வுழப்போவுது.”

“அவுரு காதுல இடி வுழுந்தாக்கூட ஒறைக்காது. கேளு. பத்து வருசமா நம்ம கழனில கள எடுக்கறாங்க. அவங்க பேரு இன்னான்னு அன்னிக்கு வண்டில படுத்துக்கினுதான் கேட்டேன். அதுவரைக்கும் இவளே, அவளே. எனக்கே வெக்கமாப் பூட்ச்சி. ஒம் பேர வைக்கறேன்னு வாய் வுட்டுச் சொல்லிட்டேன்.”

“நைனாவுக்குத் தெரிஞ்சா வெட்டிப் போட்டுருவாரு. பங்காளிங்க ஒருத்தன் வாசப்படி மிதிக்க மாட்டான். காலனிக்கும் ஊருக்கும் இப்பவே ஆவல. ‘எங்க வூட்டுப் பொண்ணுக்கு அவ பேரா’ன்னு நாலு பேரு கெளம்பினா, மொத அடி அவளுக்குத்தான் வுழும், தெரியுமா?”

அது உண்மைதான். கோழைகளிடம் எப்போதும் ஓர் உண்மை கைவசம் இருக்கும்.

ஆண்டாள் குழந்தையின் தலையைத் துவட்டினாள். “செரி. நீயும் ஒங்க நைனாவும் மறியலக் கொஞ்சிக்கினு இருங்க. நான் மூணையும் தூக்கிக்கினு கச்சிராயபாளையத்துக்கு எங்க அம்மா வூட்டுக்குப் போறேன். காதுல அந்தப் பேரு வுழுந்த அன்னிக்கு நான் இங்க இருக்க மாட்டேன்.”

ஆண்டாள் சொன்னால் செய்வாள். வீரமுத்து மண்வெட்டியை எடுத்தான். அந்த வாரம் கரும்புக்குத் தேவைக்கு மேலேயே தண்ணீர் பாய்ந்தது. ஏழாவது நாள் மடையில் நின்றுகொண்டிருந்தபோது அந்த ‘ய’ அவனுக்குக் கிடைத்தது. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தது வீண்போகவில்லை.

“நைனா,” என்று ராஜாங்கத்தின் காதருகில் கத்தினான். “சாலை மறியல்ல பொறந்துச்சி இல்ல? சாலையம்மாள்! அம்மன் பேரு மாதிரியும் இருக்கும், போராட்டமும் உள்ள இருக்கும்.”

ராஜாங்கம் மகனை ஏற இறங்கப் பார்த்தார். “அட, ஒனக்குக்கூட மூள ஓடுதுடா!” தாலுகாக்காரருக்கும் ஆள் அனுப்பி ஒப்புதல் வாங்கிவிட்டார். களை எடுப்பவளின் பெயர் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட வரவில்லை.

ஆண்டாளிடம் போய் வெற்றியோடு சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

“ஒளிச்சி வைக்கறதுக்குப் பேரு எதுக்கு?”

“நீ சொன்னதும் ஆவுது, நைனா சொன்னதும் ஆவுது இல்ல?”

அவள் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். “எழுதறத நீ எப்டி வேணா எழுதிக்கோ. கூப்புடப் போறது நாங்க. ஆனா ஒண்ணு. பேரு வைக்கற அன்னிக்கு அவங்க வரணும். எங் கையால ஒரு பொடவ குடுக்கணும்.”

“தாராளமா குடு,” என்றான் வீரமுத்து. பிரசவம் பார்த்தவளுக்குப் புடவை கொடுப்பது ஊர் வழக்கம்தான்.

முப்பதாம் நாள் வாசலில் பந்தல். கல்வராயன் மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தாலும் மழை இறங்கவில்லை. பங்காளிகள் முன்வரிசை, சங்கத்துக்காரர்கள் நாற்காலியில், தாலுகாக்காரர் நடுவில். பந்தலுக்கு வெளியே, வைக்கோல் போரை ஒட்டி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சாலம்மாள் நின்றாள். கூப்பிட்டதால் வந்திருந்தாள், எப்போது போகச் சொல்வார்கள் என்று பார்த்தபடியே நின்றாள்.

அந்தக் குடும்பத்தில் வெற்றிலையைச் சுருட்டிக் குழந்தையின் காதில் வைத்து மூன்று தடவை பெயரைச் சொல்ல வேண்டும். காதில் போன பெயரைத் திரும்ப எடுக்க முடியாது. இதில் ராஜாங்கத்தைவிடக் கண்டிப்பானவர் யாரும் இல்லை. அவரே வெற்றிலையை எடுத்துக் குனிந்தார்.

அந்த நொடியில்தான் வீரமுத்துவுக்கு உறைத்தது. இரண்டு விஷயங்களை அவன் கணக்கில் எடுக்கவில்லை. காது மந்தமான ராஜாங்கம் ரகசியம் சொன்னாலும் மூன்றாம் தெருவுக்குக் கேட்கும். அதோடு, அந்தப் பக்கத்து நாக்குக்கு வேலை ‘வேல’தான், மாலை ‘மால’தான். சாலை மட்டும் எப்படி நிற்கும்? அவன் மடையில் நின்று கண்டுபிடித்த ‘ய’ காகிதத்தில் இருந்தது. அப்பாவின் வாயில் இல்லை.

“சாலம்மா!” என்றார் ராஜாங்கம்.

வைக்கோல் போர் ஓரத்தில் ஒரு தலை நிமிர்ந்தது. வீரமுத்து அவளையே பார்த்தான். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினான். அவள் பெரியவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாலம்மா!”

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு இரண்டடி முன்னால் வந்தாள். பத்து வருஷத்தில் அந்த வாய் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. வண்டியில் ஆண்டாள் கொடுத்த வாக்கை அவள் நம்பியிருக்க மாட்டாள். அவளுக்கு அது தவறு செய்ததற்கான அதட்டலாகப் பட்டிருக்க வேண்டும்.

“சாலம்மா!”

“தோ வந்துட்டேன் ஆண்டே! கூப்ட்டீங்களா?”

ராஜாங்கத்துக்கு அந்தக் குரல் கேட்கவில்லை. எல்லோரும் ஒரே பக்கம் திரும்பியதைப் பார்த்துத் தானும் திரும்பினார்.

“இன்னாவாம் அவளுக்கு?”

தாலுகாக்காரர் எழுந்தார். “இன்னா ராஜாங்கம் இது? சங்கத்துக்குப் பேரு வாங்கித் தருவன்னு பாத்தா, இவ பேர வாங்கிக் குடுத்துகினு கீற!”

“யாரு பேரு?”

வீரமுத்து வாயைத் திறந்தான். “சாலை மறியல்ல பொறந்ததால...” என்று ஆரம்பித்தான். ஆண்டாள் குழந்தையோடு எழுந்து நின்று, மாமனாருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

“இவங்க பேருதான் மாமா. இவங்க இல்லன்னா இன்னிக்கு நானும் இல்ல, இதுவும் இல்ல.”

‘இவங்க’ என்ற அந்தச் சொல் பெயரைவிட அதிகமாக உறுத்தியது. பங்காளிகளில் இரண்டு பேர் துண்டை உதறித் தோளில் போட்டார்கள். சாலம்மாள், “எனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, நான் போறேங்க,” என்று பின்வாங்கினாள். ராஜாங்கத்தின் கையில் வெற்றிலை கசங்கியது.

“யாருடா வெச்சது இந்தப் பேர? இவளா?”

பதில் சொல்ல வேண்டிய இடத்தில் வீரமுத்து எப்போதும் மண்வெட்டியைத் தேடுவான். அன்று கைக்கெட்டும் தூரத்தில் அது இல்லை. அப்பாவைப் பார்த்தான். கிளம்பத் தயாரான பங்காளிகளைப் பார்த்தான். ‘நான் சொன்னது சாலையம்மாள், இவள் மாற்றிவிட்டாள்’ என்று சொன்னால் போதும். அது பாதி உண்மையும்கூட.

“நாந்தான் நைனா,” என்றான். “நாந்தான் ஒங்ககிட்ட வந்து சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன்.”

ராஜாங்கம் வெற்றிலையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனார். சங்கம் சாப்பிடாமல் போனது. பங்காளிகளில் பாதிப்பேர் சாப்பிட்டுவிட்டு, கோபத்தோடு போனார்கள். ஆண்டாள் வைக்கோல் போர் வரை நடந்துபோய்ப் புடவையைச் சாலம்மாளின் கையில் வைத்தாள். “எனுக்கு எதுக்கும்மா இந்த வம்பு?” என்று அவள் அழுதாள். வாங்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள்.

பத்து நாள் காலனி ஆட்களைக் களைக்குக் கூப்பிடவில்லை. அதற்குள் கரும்பில் கோரை முழங்கால் உயரம் வந்துவிட்டது. பதினோராம் நாள் ராஜாங்கமே ஆள் அனுப்பினார்.

இரண்டு வருஷத்தில் இருபது சதவிகிதம் வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட சாதிகளுக்குச் சேர்த்து வந்தது. தனக்கென்று கேட்டதைப் பொதுவில் வாங்கிய வருத்தம் ராஜாங்கத்துக்கு உண்டு. வீட்டிலும் அவருக்கு அதே கதைதான். பேத்தியை மடியில் வைத்துக் கொஞ்சுவார், தோளில் தூக்கிக்கொண்டு மாரியம்மன் கூழுக்குப் போவார், பெயரை மட்டும் சொல்ல மாட்டார். ஐந்து வருஷமும் கூப்பிட்டது ஒரே மாதிரிதான்: “ஏ இவளே!”

பள்ளிக்கூடத்தில் சேர்க்க வீரமுத்துவும் அவரும் கூட்டிப் போனார்கள். ரேஷன் கார்டில் வீரமுத்து எழுதிவைத்த ‘சாலையம்மாள்’ இருந்தது. கார்டு அவன் சட்டைப் பையில் இருந்தது. தலைமை ஆசிரியர் பேனாவைத் திறந்தார்.

“பாப்பா பேரு?”

“சாலம்மா,” என்றாள் குழந்தை. ஆசிரியர் எழுதினார். எட்டிப் பார்த்த ராஜாங்கத்துக்குப் பதறியது.

“சார், சார், அப்டி இல்ல. சாலம்மா!”

“அதத்தாங்க எழுதியிருக்கேன்.”

“நடுவுல ஒண்ணு வரும் சார். சால மறியலு, சால! அந்த சாலம்மா!” நெற்றி வியர்க்க நாலைந்து தடவை முயன்றார். ஐந்து வருஷமாகச் சொல்லாமல் அடக்கிவைத்திருந்த பெயரை அந்த ஒரு நிமிஷத்தில் சொல்லித் தீர்த்தார். ஒவ்வொரு தடவையும் களை எடுப்பவளின் பெயரே வந்தது. ஒவ்வொரு தடவையும் குழந்தை, “இன்னா தாத்தா?” என்று நிமிர்ந்து பார்த்தது.

ராஜாங்கம் மகன் பக்கம் திரும்பினார். “டேய், நீ படிச்சவன். சொல்லேண்டா சாருக்கு!”

வீரமுத்துவின் கை சட்டைப் பைக்குப் போனது. கார்டின் முனையைத் தொட்டது. அங்கேயே நின்றது.

“செரியாத்தான் எழுதிக்கீறாரு நைனா,” என்றான்.