சனிக்கிழமை போன அண்ணாவும் துணைக்கு வெட்டிய மரமும்

நினைவு மலர்கள் அண்ணாவுக்குப் பிடிக்காது. யாருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்காவது போய்வந்தால், அங்கே கொடுத்த மலரை ரயிலிலேயே வாசித்து முடித்துவிட்டு, "செத்தவை எல்லாரும் இவ்வளவு நல்லவையெண்டால், இவ்வளவு காலமும் எங்களோட சண்டை பிடிச்சவை ஆர்?" என்று கேட்பார். ஆகவே அவருடைய முதலாம் ஆண்டு நினைவாக வரும் இந்த மலரில் அவரைத் தெய்வமாக்காமல் எழுதப் பார்க்கிறேன். அண்ணா ஓரிடத்துக்கும் நேரத்துக்கு வந்தவரில்லை. மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு வேலை பாதியில் கிடக்க அடுத்ததைத் தொடங்குவார். இத்தனை குறையும் உள்ள அந்த மனிதர் இல்லாமல் நாங்கள் ஒரு வருடத்தைக் கடந்திருக்கிறோம். எப்படிக் கடந்தோம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

யாழ்ப்பாணத்தில் பிறந்த அண்ணா, சிறுவனாக இருக்கும்போதே அம்மாவோடு சுவிட்சர்லாந்தின் ஆரா நகருக்கு வந்து சேர்ந்தார். அப்பா முன்னரே இங்கு வந்து ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தார். நான் இங்கேதான் பிறந்தேன். நான் பாலர் வகுப்புக்குப் போன காலத்தில் அப்பா மாரடைப்பால் காலமானார். அம்மா விடிய முன்னர் துப்புரவு வேலைக்குப் போய்விடுவார். எனக்குத் தலை பின்னி, பாணுக்கு பட்டர் பூசி, கையில் பிடித்துப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு ஓடியவர் அண்ணாதான். பெற்றோர் கூட்டத்துக்கும் மீசை அரும்பாத அவரே வந்து, ஆசிரியர் சொல்வதை மிகவும் கடுமையான முகத்தோடு கேட்டுக்கொண்டிருப்பார். பிந்தித்தான் வருவார், ஆனால் வராமல் விட்டதில்லை.

படிப்பில் கெட்டிக்காரர் என்றாலும் உயர்கல்விக்குப் போகாமல், சம்பளம் வரும் என்பதற்காக எலெக்ட்ரோனிக் தொழிற்பயிற்சியில் சேர்ந்தார். அதை முடித்துவிட்டு ஃப்ரிபூர்க்கில் ஒரு கலையரங்கில் ஒலியமைப்பாளராக வேலைக்குப் போனார். அந்த அரங்கில்தான் அண்ணியைச் சந்தித்தார். அண்ணி லத்வியா நாட்டவர். ஒரு நாட்டுப்புற இசைக் குழுவோடு வந்திருந்தார். அவர் மடியில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதன் பெயர் கொக்லே. ஒரே மரத்தைக் குடைந்து, மேலே மெல்லிய பலகை ஒட்டி, விசிறி விரித்ததுபோல் கம்பி கட்டியிருப்பார்கள். வலது கை விரல்கள் எல்லாக் கம்பிகளையும் மீட்டும். வேண்டாத கம்பிகளை இடது கை விரல்கள் தொட்டு அடக்கிவிடும். அடக்காமல் விட்டவை பாடும். சுரமண்டலம் பார்த்தவர்கள் கிட்டத்தட்ட அதை நினைத்துக்கொள்ளலாம்.

"ஒலிவாங்கியை எங்க வைக்கிறதெண்டு குனிஞ்சு பாத்தன். பிறகு நிமிரவேயில்லை" என்று அண்ணா பிற்காலத்தில் சொல்வார். அண்ணி அப்போது சிவந்துபோவார்.

அம்மாவுக்கு அந்தத் திருமணத்தில் விருப்பமிருக்கவில்லை. அதை மறைத்து எழுதினால் அண்ணாவே எழும்பி வந்து திருத்துவார். கொக்லேயை அம்மா "அந்தப் பலகை" என்றுதான் சொல்லுவார். ஆராவில் ஒரு பொங்கல் விழாவில் அண்ணி அதை வாசித்தபோது, கீபோர்ட்டும் ட்ரம்ஸும் கேட்டுப் பழகிய சனத்துக்கு ஒன்றுமே கேட்கவில்லை. பின்வரிசையில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். அண்ணாவுக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போய், கொக்லேயின் அடியில் ஒலியைப் பிடிக்கும் சிறு கருவி ஒன்றைப் பொருத்தினார். அடுத்த விழாவில் அது கூட்டத்தையே உலுக்குகிறமாதிரிக் கீச்சிட்டது. அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "இதுக்கோ இவன் படிச்சவன்?" என்றார்.

அண்ணா விடவில்லை. உள்ளே குடைவே இல்லாத கட்டிப் பலகையில் இன்னொரு கொக்லே செய்தார். அது மின்சாரத்தில்தான் பேசும், கீச்சிடாது. ஆனால் பழையதைப் போலவே இதிலும் எந்தச் சுருதியில் கட்டுகிறோமோ அந்தச் சுருதிதான். பாட்டு மாறினால் முறுக்காணிகளை ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டிருக்க வேண்டும். லத்வியாவில் கச்சேரி மேடைக்கென்று கால் வைத்த பெரிய கொக்லே உண்டென்றும், அதில் ஒரு சிறு நெம்பைத் தட்டினால் கம்பி அரைச்சுரம் ஏறுமென்றும் அண்ணி சொன்னார். அண்ணா அந்த நெம்புகளைத் தானே செய்து தன் மின்சாரக் கொக்லேயிலும் பூட்டினார். அதன் பிறகு அண்ணி எங்கள் பக்திப் பாடல்களையும் வாசித்தார். அம்மா ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டியதை நான் கண்டேன். கண்டேன் என்று தெரிந்ததும் அம்மா தேநீர் வைக்கப் போய்விட்டார்.

பிறகு நோய் வந்தது. ஈரலில் தொடங்கி, கண்டுபிடிக்கும்போது பரவியிருந்தது. அதைப்பற்றி விரிவாக எழுத எனக்கு மனமில்லை. மருத்துவமனைக் கட்டிலில் இருந்துகொண்டும், மருந்து ஏற்றும் இயந்திரத்தின் பீப் சத்தம் எந்தச் சுரம் என்று தாதியோடு வாதாடினார். தாதிக்கு இசை தெரிந்திருந்தது, அண்ணா தோற்றுப்போனார்.

ஒருநாள் அண்ணியும் நானும் பக்கத்தில் இருந்தபோது, தனக்கு மூன்றாவது கொக்லே ஒன்று வேண்டும் என்றார். மின்சாரமும் நெம்பும் இல்லாமல், ஒரே மரத்தைக் குடைந்து செய்த பழைய மாதிரி. லத்வியாவில் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது: ஒருவர் இறந்து, அவரை அடக்கம் செய்வதற்கு முன்னால் வெட்டிய மரத்தில்தான் கொக்லே செய்ய வேண்டும். அப்போதுதான் அது நன்றாகப் பாடும் என்பார்களாம். அண்ணிதான் முன்பொருநாள் அதைக் கதையாகச் சொல்லியிருந்தார்.

"நான் பெட்டிக்குள்ள சும்மா கிடக்கேக்க மரத்தை வெட்டுங்கோ. காய்ஞ்சாப்பிறகு இவ செய்வா. என்னை வைச்சு ஒரு வேலையாவது முழுசா முடியட்டும்" என்றார்.

அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தன் தமிழில், "ஓம். செய்வன்" என்றார்.

அண்ணா ஒரு சனிக்கிழமை காலமானார்.

இந்த நாட்டில் இறந்தவரை மறுநாளே தகனம் செய்துவிட முடியாது. மண்டபமும் நேரமும் ஒத்துவரச் சில நாள் ஆகும். அந்த நாட்களுக்குள் மரம் வேண்டும். அண்ணி தங்கள் ஊராட்சியின் வனக் காவலரிடம் போய் அழுதார். வெட்டுவதற்கென்று முன்பே குறியிட்டிருந்த ஒரு லிண்டன் மரத்தை, தகனத்துக்கு முதல்நாள் வெட்டித் தர அவர் சம்மதித்தார். நான் அம்மாவிடம் போய், "அண்ணாவுக்காக ஒரு மரம் வெட்டப்போகினம் அம்மா" என்றேன். அம்மா மறுப்பார் என்று பயந்துகொண்டுதான் சொன்னேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்து, "வெட்டட்டும். நல்லது. நானும் வாறன்" என்றார்.

எங்கள் வீடு அழுதுகொண்டிருந்த வீடு. ஒருவர் சொன்னதை மற்றவர் பாதியில் பிடித்துக்கொண்டோம். சனிப் பிணம் தனிப் போகாது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த பழமொழி. சனிக்கிழமை இறந்தவர் துணைக்கு வீட்டிலிருந்து இன்னொருவரை அழைத்துக்கொள்வார் என்ற பயத்தில், பாடையோடு ஒரு கோழிக்குஞ்சையோ தேங்காயையோ சேர்த்து அனுப்புவார்கள். பெட்டிக்குள் தேங்காய் வைக்க இங்கே விடுவார்களா என்று அம்மா இரண்டு நாட்களாக மாமாவிடம் விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறார். மரம் என்றதும், அது மகனுக்குத் துணையாகப் போகிற உயிர் என்று அவர் எடுத்துக்கொண்டார். தேங்காயை விட்டுவிட்டார். அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

காட்டில் ஈரமும் குளிரும். மரம் அறுக்கும் இயந்திர வாளை முடுக்குவதற்கு முன்னர், அம்மா கைப்பையிலிருந்து ஒரு பிடி அரிசி எடுத்து, வாய்க்கரிசி போடுவதுபோல மரத்தின் அடியில் போட்டுக் கும்பிட்டார். "என்ர பிள்ளையோட போய்ச் சேர்" என்று முணுமுணுத்தார். தன் மாமியார் கொக்லேயை ஆசீர்வதிக்கிறார் என்று நினைத்த அண்ணி ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தார். மரம் விழுந்தபோது இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். அவர்கள் அப்படி அணைத்துக்கொண்டதை நான் முதல்முறையாகப் பார்த்தேன். மறுநாள் அண்ணாவைத் தகனம் செய்தோம்.

அந்தியேட்டி முடிந்து அம்மா ஃப்ரிபூர்க் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவுடன் சூடேற்றாத ஒரு சின்ன வாசலறை உண்டு. அங்கே அந்த மரம், பிளந்து, வெடிக்காமலிருக்க முனைகளில் மெழுகு பூசி, காற்றுப்படும்படி அடுக்கியிருந்தது.

"இது என்ன?" என்று அம்மா கேட்டார்.

"மரம், மாமி. அவரின்ர மரம்" என்றார் அண்ணி சந்தோஷமாக. "காயவேணும். பிறகு கொக்லே."

அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. "செத்தவனோட அனுப்பினதைத் திருப்பி வீட்டுக்குள்ள கொண்டுவந்து வைச்சிருக்கிறியோ? எரியுங்கோ! இண்டைக்கே எரியுங்கோ!" என்று கத்தினார். அண்ணி மெதுவாக, "ஏலாது மாமி. அவர் கேட்டவர்" என்றார். அம்மா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி நடந்தார்.

அதன்பின் அம்மா அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. அண்ணி தொலைபேசி எடுத்தால் பேசமாட்டார். மகன் போனதும் மருமகளும் வேண்டாமல் போய்விட்டதென்று உறவுக்குள் பேச்சு எழுந்தது. வெள்ளைக்காரி பில்லி சூனியம் செய்கிறாள் என்றுகூட ஒருவர் சொன்னார். அவரும் இந்த மலரை வாசிப்பார், வாசிக்கட்டும். அண்ணி வேலைக்குப் போனார், வந்தார். மின்சாரக் கொக்லே உறைக்குள்ளேயே கிடந்தது. "மாமிக்கு என்னைப் பிடிக்காது. முதலும் பிடிக்காது, இப்பவும் பிடிக்காது" என்று என்னிடம் ஒருமுறை சொல்லிவிட்டு, அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

போன பனிக்காலத்தின் கடைசியில் அண்ணிக்கு நிமோனியா வந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். செய்தியைச் சொன்னபோது அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் இருந்துவிட்டார்.

"பாத்தியோ? கூப்பிட்டுட்டான். அந்தப் பிள்ளை தனிய இருக்கிறாள். துணைக்கு அனுப்பினது திரும்பி அவளின்ர வாசலிலயே வந்து கிடக்குது. இனி அவன் ஆரைக் கூப்பிடுவான்? எரி எரியெண்டு நான் கத்தினது ஆருக்காக எண்டு நினைச்சனீங்கள்?"

இத்தனை மாதக் கோபம் என்று நாங்கள் நினைத்ததெல்லாம் பயம். தன் மகனுக்கே பயந்து, மருமகளுக்காக அம்மா நாள்தோறும் விளக்கு வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் மருத்துவமனைக்குப் போய் அண்ணியிடம் இதைச் சொன்னேன். இருமலோடு எழுந்து உட்கார்ந்து நீண்ட நேரம் அழுதார். அழுது முடித்துவிட்டு, "எரிப்பம். மாமி பயப்பிடக் கூடாது. நீ போய் எரி" என்றார். அண்ணா கடைசியாகக் கேட்ட ஒன்றை அவர் மாமிக்காக விட்டுக்கொடுத்துவிட்டார்.

அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா அன்று முழுதும் சாப்பிடவில்லை. மாலையில், "அவன் கேட்டதெல்லோ. என்ர பிள்ளை கேட்டதை நான் எப்பிடி எரிக்கிறது?" என்றார். பிறகு அலுமாரியைத் திறந்து சேலைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினார். பாயையும் சுருட்டிக் கட்டினார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

"மரம் இருக்கட்டும். நான் அந்த மரத்துக்கும் அவளின்ர அறைக்கும் நடுவில படுக்கிறன். அவன் ஆரையும் கூப்பிட வாறதெண்டால், என்னைத் தாண்டித்தான் போக வேணும்" என்றார்.

அண்ணி தேறி வீட்டுக்கு வந்தபோது கதவைத் திறந்துவிட்டவர் அம்மா. அறைக்குள் வந்து கட்டிலில் படுக்கும்படி அண்ணி மன்றாடிப் பார்த்தார். அம்மா அசையவில்லை. இப்போது அந்தக் குளிர் அறையில் அவருக்கு ஒரு மின்சாரப் போர்வை விரித்திருக்கிறார் அண்ணி. இருவரும் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். அதிகம் பேசுவதில்லை.

அண்ணாவை நோயில் தாங்கிய மருத்துவர்களுக்கும், அவரோடு சுரம் பற்றி வாதாடிய தாதிக்கும், முறைப்படி வெட்ட இன்னும் காலமிருந்த மரத்தை ஒரு பெண்ணின் கண்ணீருக்காக முன்கூட்டியே வெட்டித் தந்த வனக் காவலருக்கும், செத்த வீட்டில் எங்களுக்குச் சோறு சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும், பெட்டி தூக்கிய அரங்கத்து நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணியைப் பற்றித் தப்பாகப் பேசியவர்களுக்கு நன்றி இல்லை. ஆனால் கதவு திறந்திருக்கிறது.

அம்மாவைப் பார்க்க விரும்பும் உறவுகள் இனி ஆராவுக்கு வர வேண்டாம். ஃப்ரிபூர்க்கில் அண்ணாவின் வீட்டுக்கே வாருங்கள். மரம் காய இன்னும் சில வருடங்கள் செல்லுமாம்; அதுவரை அங்கேதான் இருப்பேன் என்கிறார். கதவைத் திறந்ததும் உங்கள் காலடியில் அவருடைய பாய் இருக்கும். மிதித்துவிடாமல் வாருங்கள்.

தங்கை