வாசலைத் தாண்டிய செருப்பு

கிராஜினா டீச்சருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் அவளுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை, ஊருக்குத்தான் தெரிந்தது. போலந்தில் வார்த்தா ஆற்றங்கரையிலுள்ள எங்கள் மழலையர் பள்ளியில் இருபத்தெட்டு வருடமாக ஆறு வயதுப் பிள்ளைகளை மேய்த்து வருகிறவள். குடும்பம் நடத்தினால் வரக்கூடிய தலைவலி எல்லாம் அதிலேயே வந்துவிட்டது.

அந்த வாரம் ஒரு சொல்லுக்குப் பல பொருள் என்ற பாடம். கோட்டை, கதவுப் பூட்டு, மேல்கோட்டின் ஜிப் மூன்றுக்குமே போலந்து மொழியில் ஸாமெக் என்றுதான் பெயர். பெரியவர்களுக்கு இதில் ஒரு சிக்கலும் இல்லை. பிள்ளைகளுக்குத்தான் இது அநியாயமாகப் பட்டது.

“அப்ப ராஜா ஜிப்புக்குள்ளயா இருப்பாரு டீச்சர்?” என்று கேட்டாள் போலா. முன்பல் இரண்டும் விழுந்த வாயாடி.

“பக்கத்துல யாரு நிக்கிறாங்கன்னு பாருடி. ராஜா நின்னா கோட்டை. சாவி நின்னா பூட்டு. நீ மூக்கு ஒழுகிக்கிட்டு நின்னா ஜிப்பு.”

கிராஜினாவின் பாடமுறை மொத்தமும் இவ்வளவுதான். புதிதாக வந்த தலைமை ஆசிரியை ரெனாத்தாவுக்கு இது பிடிக்கவில்லை. அச்சடித்த பட அட்டைகளை அனுப்பி வைத்தாள். வகுப்பைப் பார்க்க வருவதாகவும், திருப்தி இல்லையென்றால் கிராஜினாவை எதிர் அறையில் மூன்று வயதுப் பிள்ளைகளிடம் மாற்றிவிடுவதாகவும் சொல்லியிருந்தாள். அங்கே சொல்லுக்கு வேலையில்லை, கைக்குட்டைக்குத்தான் வேலை. அன்றிலிருந்து கிராஜினா அந்த அறைப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

ரெனாத்தா வந்தது புனித அந்திரேயா திருநாளுக்கு முந்தின நாள் காலையில். குதிகால் செருப்பின் மேல் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். கிராஜினா அட்டைகளைக் காட்டியதும் பிள்ளைகள் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி ஆகிவிட்டார்கள். போலாகூட வாய் திறக்கவில்லை. ரெனாத்தா நோட்டில் நீளமாக ஏதோ எழுதினாள்.

பாடம் முடிந்ததும், அந்தத் திருநாளையொட்டி வருடாவருடம் கல்யாணக் குறி பார்க்கும் செருப்பு விளையாட்டு. ஆளுக்கொரு செருப்பைக் கழற்றி வாசலை நோக்கி வரிசையாக வைக்க வேண்டும். கடைசிச் செருப்பை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டே போனால், யாருடையது முதலில் வாசலைத் தாண்டுகிறதோ அவருக்குத்தான் முதலில் கல்யாணம். பிள்ளைகள் விடாமல் நச்சரித்ததால் கிராஜினாவும் தன் கம்பளிச் செருப்பைக் கொடுத்தாள். வாசலைத் தாண்டியது அந்தச் செருப்புதான்.

“மாப்பிள்ளை நம்ம ஸ்கூல் சமையக்காரருதான்,” என்றாள் போலா. “போன வாரம் டீச்சருக்கு ரெண்டு கரண்டி சூப்பு கூட ஊத்துனாரு. நான் பாத்தேன்.”

வகுப்பே சிரித்தது. ரெனாத்தாவும் சிரித்தபடி எழுந்து வந்தாள்.

“கல்யாணமா? செருப்பு எதிர் ரூமைப் பாத்துல்ல நிக்குது. நான் சொல்ல வந்ததை அதுவே சொல்லிருச்சு. திங்கக்கிழமையிலேருந்து டீச்சர் அங்கதான்.”

சிரிப்பு நின்றது. கிராஜினா ஒரு காலில் செருப்பும் மறுகாலில் ஓட்டைச் சாக்ஸுமாக நின்றாள்.

போலா செருப்பருகே குந்தி உட்கார்ந்தாள். “அப்படி இல்ல மேடம். பக்கத்துல யாரு நிக்கிறாங்கன்னு பாக்கணும்.”

“யாரு நிக்கிறா?”

“டீச்சர் செருப்புக்குப் பின்னாடி என்னோடது. அதுக்குப் பின்னாடி திமெக்கோடது. அப்புறம் எல்லாரும்.” அறைக்குள் நீண்ட வரிசையை அவள் கை காட்டியது. “செருப்பு தனியா நின்னாத்தான் டீச்சர் அங்க போறாங்கன்னு அர்த்தம். இது நாங்க எல்லாரும் வெளிய போற வரிசை. அதுல டீச்சர்தான் எப்பவும் முன்னாடி.”

ரெனாத்தா இருபத்து மூன்று குட்டிச் செருப்புகளையும் ஒரு பெரிய செருப்பையும் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு நோட்டை மூடினாள்.

“திங்கக்கிழமை எந்த ரூமு மேடம்?” என்று மெல்லக் கேட்டாள் கிராஜினா.

“வரிசையைக் கலைக்க வேண்டாம். வருஷப் படிப்பு முடியற ஜூன் வரைக்கும் இப்படியே இருக்கட்டும்.”

இருபத்தெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த வார்த்தை. அதையே ஒரு பிள்ளை தனக்காகச் சொல்லும் என்று கிராஜினா நினைத்ததில்லை. கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கக் குனிந்து செருப்பை மாட்டினாள்.

போலா அவள் காதருகே வந்து பெருமூச்சு விட்டாள்.

“சமையக்காரர்தான் பாவம், டீச்சர்.”